தேற்றரவாளன் என்றால் ஆறுதல் சொல்பவரா?

தமிழ் பைபிள் பரிசுத்த ஆவியானவருக்குத் தரும் பெயர் 'தேற்றரவாளன்'. சின்ன வயதில் அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்குள் ஓர் உருவம் எழும். நரைத்த தலை, மெதுவான குரல், அழுகிற பிள்ளையின் முதுகைத் தட்டிக்கொடுக்கும் கை. சாவு வீட்டில் தேவைப்படுவார், மற்ற நாளில் அவரை யாரும் தேட மாட்டார்கள். பரிசுத்த ஆவியானவரை இப்படி ஒரு மூலையில் உட்காரவைத்துவிட்டு நான் பாட்டுக்கு வளர்ந்துவிட்டேன்.

பிறகு ஒருநாள் 1 யோவான் 2:1 படித்துக்கொண்டிருந்தபோதுதான் மாட்டிக்கொண்டேன். "இயேசுகிறிஸ்து நமக்காகப் பிதாவினிடத்தில் பரிந்து பேசுகிறவராயிருக்கிறார்" என்கிறது பழைய மொழிபெயர்ப்பு. அந்தப் 'பரிந்து பேசுகிறவர்' கிரேக்கத்தில் என்ன என்று பார்த்தால் பாரக்ளேத்தோஸ். யோவான் சுவிசேஷத்தில் 'தேற்றரவாளன்' என்று வருகிற நான்கு இடத்திலும் அதே பாரக்ளேத்தோஸ்தான்! ஒரே சொல். அங்கே கண்ணீர் துடைக்கிறவர், இங்கே நீதிபதி முன் நிற்கிறவர். எனக்கு அது பெரிய அதிர்ச்சி. இரண்டும் ஒன்றாக முடியுமா என்ற கேள்வி அன்று முதல் என்னை விடவில்லை.

கிரேக்கத்தை நான் முறையாகப் படித்தவன் இல்லை. அகராதியும், எந்தச் சொல் எந்த வசனத்தில் வருகிறது என்று காட்டும் கன்கார்டன்ஸும் வைத்துக்கொண்டு தட்டுத்தடுமாறிப் போகிறவன்தான், அதனால் இதை ஒரு வாசகனின் குறிப்பாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

சொல்லைப் பிரித்தால் எளிது. பாரா என்றால் பக்கத்தில், காலேயோ என்றால் கூப்பிடு. இரண்டும் சேர்ந்தால் 'பக்கத்தில் வரக் கூப்பிடு'. இதில் கவனிக்க வேண்டியது சொல்லின் வால். 'தோஸ்' என்று முடிகிற இந்த வடிவம் செயப்பாட்டு வினையைச் சேர்ந்தது, அதாவது கூப்பிடுகிறவர் இல்லை, கூப்பிடப்பட்டவர். நெருக்கடியில் "கொஞ்சம் வந்து என் பக்கத்தில் நில்லுங்கள்" என்று யாரைக் கூப்பிடுவோமோ அவர். ஆறுதல் சொல்கிறவர் என்பதற்கு நேரான செய்வினைச் சொல்லும் கிரேக்கத்தில் உண்டு, பாரக்ளேத்தோர். யோபின் கதையைக் கிரேக்கத்தில் பெயர்த்த பழைய யூதர்கள் அந்தச் சொல்லைத்தான் போட்டார்கள். யோபுக்குப் பிறகு வருகிறேன், அவர் இல்லாமல் இந்தக் கதை முடியாது.

புதிய ஏற்பாடு முழுவதிலும் பாரக்ளேத்தோஸ் வருவது ஐந்தே இடத்தில். யோவான் 14:16, 14:26, 15:26, 16:7, அப்புறம் அந்த 1 யோவான் 2:1. பவுல் இதைத் தொடவே இல்லை, லூக்காவும் இல்லை. ஆனால் இதே வேரின் வினைச்சொல் பாரகாலேயோ புதிய ஏற்பாட்டில் நூறு முறைக்கு மேல் வருகிறது. வேடிக்கை என்னவென்றால், அந்த வினைச்சொல்லை யோவான் சுவிசேஷத்திலும் சரி, யோவானின் நிருபங்களிலும் சரி, ஒருமுறைகூடப் பயன்படுத்தவில்லை. எல்லாரும் வினையாகப் புழங்கிய சொல்லை இவர் ஆளாக மட்டும் எடுத்துக்கொண்டார்.

அந்த வினைச்சொல் எவ்வளவு அகலமானது என்று பார்க்க மாற்கு 5-ஆம் அதிகாரம் போதும். லேகியோன் என்ற பிசாசுக் கூட்டம் பிடித்த மனிதனின் கதை. பன்றிகளுக்குள் போகவிடும்படி பிசாசுகள் இயேசுவைக் கெஞ்சுகின்றன, அது பாரகாலேயோ. பன்றிகள் கடலில் போனதைக் கேட்டு ஓடிவந்த ஊர்க்காரர்கள் "எங்கள் எல்லையை விட்டுப் போய்விடும்" என்று கேட்டுக்கொள்கிறார்கள், அதுவும் பாரகாலேயோ. சுகமான மனிதன் "நானும் உம்மோடு வருகிறேன்" என்று கேட்கிறான், அதே சொல். அடுத்த காட்சியில் யவீரு வந்து சாகக்கிடக்கும் மகளுக்காகக் காலில் விழுந்து மன்றாடுகிறான், மறுபடியும் அதே சொல். பிசாசு, பயந்துபோன ஜனம், நன்றி நிறைந்தவன், துடிக்கிற தகப்பன், நான்கு பேருக்கும் ஒரே வினை. இதில் எனக்குப் பிடித்த ஒரு குத்தல்: பிசாசுகள் கேட்டதும் கிடைத்தது, போகச் சொன்ன ஊராருக்கும் கேட்டது கிடைத்தது, கூடவே வருகிறேன் என்றவனுக்குத்தான் கிடைக்கவில்லை. வீட்டுக்குப் போ என்று அனுப்பிவிட்டார்.

மற்ற இடங்களில் இதே சொல் ஆறுதலாகிறது. பிள்ளைகளை இழந்து ஆறுதலை ஏற்க மறுக்கும் ராகேல் (மத்தேயு 2:18), இந்த உலகத்தில் நாய் நக்கக் கிடந்து அங்கே "தேற்றப்படுகிற" லாசரு (லூக்கா 16:25). ரோமர் 12:1-இல் பவுல் "உங்களை வேண்டிக்கொள்ளுகிறேன்" என்பதும் இதுதான். 2 கொரிந்தியர் முதல் அதிகாரத்தில் ஐந்தே வசனத்துக்குள் இந்த வினையும் அதன் பெயர்ச்சொல்லும் பத்து முறை வருகின்றன, படித்தால் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பத் தடவிக்கொண்டிருப்பது போல இருக்கும். பர்னபா என்ற பெயருக்கு அப்போஸ்தலர் 4:36 தருகிற 'ஆறுதலின் மகன்' என்ற விளக்கத்திலும் இதே வேர்தான். அந்தப் பர்னபா செய்தது என்ன? பிற்பாடு பவுல் என்று அறியப்பட்ட சவுலைக் கண்டு எல்லாரும் பயந்து ஒதுங்கியபோது அவனைக் கையோடு அழைத்துக்கொண்டு அப்போஸ்தலரிடம் போய், இவனுக்கு இன்னது நடந்தது என்று எடுத்துச் சொன்னான் (அப்போஸ்தலர் 9:27). ஆறுதலின் மகன் செய்த அந்தப் பெரிய ஆறுதல், ஒருவனுக்காகப் போய்ப் பேசியது!

சரி, சுவிசேஷத்துக்கு வெளியே இந்தச் சொல்லை யார் எப்படிப் பேசினார்கள்?

பழைய ஏதென்ஸில் இன்று நாம் சொல்லும் அர்த்தத்தில் வக்கீல் கிடையாது. வழக்காடுகிறவன் தானே எழுந்து பேச வேண்டும், காசு கொடுத்துப் பேச்சை எழுதி வாங்கலாம், அவ்வளவுதான். ஆனால் கூட நிற்க நண்பர்களை, ஊரில் செல்வாக்குள்ளவர்களைக் கூப்பிட்டுக்கொள்வான். கி.மு. 343-இல் தன் அரசியல் எதிரி ஐஸ்கினஸ் மீது குற்றம் சாட்டிப் பேசிய பேச்சாளர் தெமாஸ்தனீஸ், பேச்சின் தொடக்கத்திலேயே இந்தப் பாரக்ளேத்தோஸ்களின் நச்சரிப்புக்கு இடம்கொடுக்காதீர்கள் என்று நடுவர்களைக் கேட்டுக்கொள்கிறார். நம் பேச்சில் சொன்னால் சிபாரிசுக்கு வந்த ஆட்கள். சட்டம் படித்தவராக இருக்க வேண்டியதில்லை, நமக்காக வாயைத் திறக்க மனமும் அந்த வாய்க்குக் கொஞ்சம் மதிப்பும் இருந்தால் போதும்.

இயேசுவின் காலத்தில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த யூத அறிஞர் ஃபிலோவிடம் இந்தச் சொல் அடிக்கடி கண்ணில் படுகிறது. எகிப்தின் ஆளுநர் ஃபிளாக்கஸ், ரோமின் புதிய பேரரசன் காயுவின் (காலிகுலாவின்) கோபத்துக்குப் பயந்து நடுங்குகிறான். உனக்காகப் பேரரசனிடம் பேச ஒரு பலமான பாரக்ளேத்தோஸ் வேண்டும், அலெக்சாந்திரியா நகரத்தைவிட வேறு யார் இருக்கிறார்கள் என்று அவனைச் சுற்றியிருப்பவர்கள் தூண்டிவிடுகிறார்கள், அதற்கு விலையாக யூதர்களை எங்களிடம் விட்டுவிடு என்கிறார்கள். எவ்வளவு அசிங்கமான பேரம். அதே ஃபிலோ இன்னோர் இடத்தில் யோசேப்பின் வாயில் இதே சொல்லை வைக்கிறார். தன்னை விற்ற அண்ணன்மாரைப் பார்த்து, எல்லாவற்றையும் மன்னித்துவிட்டேன், இனி உங்களுக்கு வேறு பாரக்ளேத்தோஸ் தேவையில்லை என்கிறான். காயம்பட்டவனே பரிந்து பேசுகிறவனாகிவிட்டான் என்று அர்த்தம். அந்த இடத்தைப் படித்துவிட்டு நான் கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடி வைத்தேன்.

கிறிஸ்தவர்களின் மிகப் பழைய நூல்களில் ஒன்றான திதகே இந்தச் சொல்லைத் திட்டுவதற்குப் பயன்படுத்துகிறது. மரணத்தின் வழியில் நடக்கிறவர்கள் யார் என்று பட்டியல் போடும்போது, "பணக்காரருக்குப் பாரக்ளேத்தோஸ்கள், ஏழைகளுக்கு அநியாய நீதிபதிகள்" என்று ஒரே மூச்சில் சொல்கிறது. ஆக, சொல்லுக்குத் தன்னளவில் புனிதம் ஒன்றும் இல்லை. யார் பக்கம் போய் நிற்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

இந்தக் கிரேக்கச் சொல் எபிரேயத்துக்குள்ளும் கடன் போனது. யூத ரபிகளின் பழைய தொகுப்பான மிஷ்னாவின் ஆவோத் பகுதியில் ரபி எலியேசர் பென் யாக்கோபு சொன்னதாக ஒரு வாக்கு உண்டு: ஒரு கட்டளையைச் செய்கிறவன் தனக்கு ஒரு பிரக்லீத்தைச் சம்பாதிக்கிறான், ஒரு குற்றம் செய்கிறவன் தனக்கு ஒரு கதேகோரைச் சம்பாதிக்கிறான். கதேகோரும் கிரேக்கக் கடன்தான், குற்றம் சாட்டுகிறவன் என்று பொருள். வெளிப்படுத்தல் 12:10-இல் இரவும் பகலும் சகோதரர்மேல் குற்றம் சாட்டிக்கொண்டிருந்து, கடைசியில் கீழே தள்ளப்படுகிற சாத்தான் இந்த இனம். இன்றைய எபிரேயத்திலும் பிரக்லீத் என்றால் வக்கீல்தான்.

இவ்வளவும் பார்த்தபிறகு எனக்கு ஒரு வேகம் வந்தது. 'தேற்றரவாளன்' தப்பு, 'வக்கீல்' என்றே போட்டிருக்க வேண்டும் என்று எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் வாதாடினேன். பாதி அறிவு வந்தவனுக்கு வருகிற வேகம் அது.

அதை உடைத்தது யோவான் 16:8. "அவர் வந்து, பாவத்தைக்குறித்தும், நீதியைக்குறித்தும், நியாயத்தீர்ப்பைக்குறித்தும், உலகத்தைக் கண்டித்து உணர்த்துவார்." இங்கே பாரக்ளேத்தோஸ் யாருக்காகவும் வாதாடவில்லை, எதிர்த்தரப்பைக் கூண்டில் ஏற்றிக் கேள்வி கேட்கிறார். 15:26-இல் சாட்சி சொல்கிறார். 14:26-இல் போதிக்கிறார், நினைப்பூட்டுகிறார். வக்கீல், சாட்சி, ஆசிரியர், குற்றம் நிரூபிக்கிறவர் என்று ஒரே ஆளுக்கு இத்தனை வேலை. மொழிபெயர்ப்பாளர்கள் திணறியதில் ஆச்சரியமே இல்லை. வுல்காத்தா என்ற பழைய லத்தீன் மொழிபெயர்ப்பு, சுவிசேஷத்தில் கிரேக்கச் சொல்லையே லத்தீன் எழுத்தில் விட்டுவிட்டு, நிருபத்தில் மட்டும் அத்வொகாத்துஸ், அதாவது வக்கீல், என்று போட்டது. லூத்தர் ஜெர்மனில் சுவிசேஷத்துக்கு ஆறுதல்காரர், நிருபத்துக்குப் பரிந்துரைப்பவர் என்று இரண்டாகப் பிரித்தார். 1611-இன் ஆங்கில கிங் ஜேம்ஸ் மொழிபெயர்ப்பும் இதையேதான் செய்தது. நம் பழைய தமிழும் அந்த வழியில் போயிருக்கிறது. பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் 'துணையாளர்' என்கிறது. கிரேக்க வேருக்கு அது கிட்டத்தில் நிற்கிறது என்றே நினைக்கிறேன், ஆனாலும் கொஞ்சம் சப்பென்று இருக்கிறது, வழித்துணைக்கு வந்தவர் மாதிரி.

இந்த இடத்தில் என் கதை ஒன்று. பல வருடத்துக்கு முன், வேலை செய்த இடத்தில் ஒரு பதிவேட்டில் ஏதோ குளறுபடி, பழி என்மேல் விழுந்தது. விசாரணை என்று ஓர் அறையில் உட்காரவைத்தார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர், இந்தப் பக்கம் நான் ஒருவன். அதற்கு முந்தைய வாரம் முழுக்க எனக்கு ஆறுதல் சொல்ல ஆள் பஞ்சமே இல்லை. "எல்லாம் நன்மைக்கே", "மனதைத் தளரவிடாதே", "நீ ஏதாவது கவனக்குறைவாக இருந்தாயா, யோசித்துப் பார்." கடைசி ரகம்தான் அதிகம். விசாரணை தொடங்கிப் பத்து நிமிடம் இருக்கும், கதவைத் திறந்துகொண்டு என்னைவிட மூத்த ஊழியர் ஒருவர் வந்தார், என்னோடு அதிகம் பேசாதவர். யாரையும் கேட்காமல் ஒரு நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டார். நாற்காலிக் கால் தரையில் உரசிய சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. "அன்றைக்குச் சாவி என்னிடம் இருந்தது சார், இவரிடம் இல்லை" என்றார். அவ்வளவுதான். ஆறுதலாக ஒரு வார்த்தைகூட என்னிடம் சொல்லவில்லை, என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. ஆனால் ஒரு வாரமாக நடுங்கிக்கொண்டிருந்த என் கை அந்த நிமிடம் நின்றுவிட்டது.

ஆறுதலும் வாதமும் வேறு வேறு என்று அதன்பிறகு என்னால் பேச முடியவில்லை.

யோவான் எழுதியவர்களின் நிலைமையும் அப்படித்தான். "அவர்கள் உங்களை ஜெப ஆலயங்களுக்குப் புறம்பாக்குவார்கள்" என்று 16:2 சொல்கிறது. இழுத்துக்கொண்டு போய் விசாரிக்கப்படப்போகிற ஆட்களிடம்தான் இந்தப் பேச்சு நடக்கிறது. மற்ற சுவிசேஷங்களும், உங்களை ஒப்புக்கொடுக்கும்போது என்ன பேசுவோம் என்று கவலைப்படாதீர்கள், பேசுகிறவர் பரிசுத்த ஆவி என்கின்றன (மாற்கு 13:11). "நான் உங்களைத் திக்கற்றவர்களாக விடேன்" என்பதில் (14:18) திக்கற்றவர் என்பதற்கு மூலச் சொல் அநாதை. வழக்குமன்றத்தில் அநாதைக்கு என்ன கதி என்று அந்தக் காலத்து ஆட்களுக்கு யாரும் விளக்க வேண்டியிருந்திருக்காது. அதோடு "வேறொரு தேற்றரவாளன்" என்கிறாரே, அந்த 'வேறொரு'வைத் தாண்டிப் போய்விடாதீர்கள். அப்படியானால் முதல் பாரக்ளேத்தோஸ் இவர்களோடு இத்தனை நாள் சாப்பிட்டு, நடந்து, கால் கழுவியவர். அவர் மேலே பிதாவிடம் பேசப் போகிறார், இன்னொருவர் கீழே இவர்களோடு நிற்க வருகிறார். நிருபம் சொல்வதும் சுவிசேஷம் சொல்வதும் இப்படித்தான் பொருந்துகின்றன.

கி.பி. 177-இல் லியோன் நகரத்தில் நடந்தது ஒன்று, சபை வரலாற்றை எழுதிய யூசேபியஸ் எடுத்துவைத்த ஒரு கடிதத்தில் இருக்கிறது. கிறிஸ்தவர்களை ஆளுநர் முன் நிறுத்திக் கொடுமைப்படுத்துகிறார்கள். பார்த்துக்கொண்டிருந்த வெத்தியுஸ் எபகாத்துஸ் என்ற இளைஞன், நல்ல குடும்பத்தவன், பொறுக்காமல் எழுந்து இவர்களுக்காக நான் பேச அனுமதி வேண்டும் என்கிறான். கூட்டம் அவனுக்கு எதிராகக் கத்துகிறது. ஆளுநர் வாதத்தைக் கேட்கவே இல்லை, ஒன்றே ஒன்று கேட்கிறார்: நீயும் கிறிஸ்தவனா? ஆம் என்கிறான் தெளிவான குரலில். அவனையும் அந்தப் பக்கம் சேர்த்துவிட்டார்கள். "கிறிஸ்தவர்களின் பாரக்ளேத்தோஸ்" என்று அவனுக்குப் பெயர், தனக்குள்ளே பாரக்ளேத்தோஸைக் கொண்டிருந்தவன் என்கிறது கடிதம். வழக்கில் அவன் ஒன்றும் ஜெயிக்கவில்லை. பேசவே விடவில்லையே!

இப்போது 'தேற்றரவாளன்' பற்றி நான் முன்பு பேசியதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும். தேற்று என்ற சொல்லை நான் சரியாகக் கேட்கவில்லை. காய்ச்சல் விட்டு உடம்பு தேறுகிறது. பரீட்சையில் பிள்ளை தேறுகிறாள். கலங்கிய தண்ணீரைத் தெளியவைக்கும் கொட்டைக்குத் தேற்றாங்கொட்டை என்றே பெயர். குறள் 501-இல் "தேறப் படும்" என்றால் நம்பப்படும். பலம், வெற்றி, தெளிவு, நம்பிக்கை எல்லாம் ஒரே வேரில் கிடக்கின்றன, முதுகைத் தட்டிக்கொடுப்பது அதில் ஒரு சின்னப் பங்குதான். சொல்லைச் சுருக்கியது நான்தான். இலக்கணத்திலும் ஒரு சின்ன அழகு இருக்கிறது: "தேற்றரவாளன் உங்களிடத்தில் வரார்" (வரமாட்டார்) என்கிறது யோவான் 16:7. ஆளன் என்று ஒருமையில் தொடங்கி வரார் என்று மரியாதையில் முடிகிறது. கிரேக்கத்தில் ஆவி என்ற சொல் அஃறிணை போல, பாரக்ளேத்தோஸ் ஆண்பால், அங்கேயும் இந்தத் தள்ளாட்டம் உண்டு.

யோபுக்கு வருகிறேன் என்றேனே. எல்லாவற்றையும் இழந்து உட்கார்ந்திருக்கும் அவர், யோபு 16:2-இல், ஆறுதல் சொல்ல வந்த நண்பர்களைப் பார்த்து வெடிக்கிறார்: "நீங்கள் எல்லாரும் அலட்டுண்டாக்குகிற தேற்றரவாளர்." ஆமாம், தமிழில் அதே சொல். இரண்டாம் நூற்றாண்டில் இதைக் கிரேக்கத்தில் மறுபடி பெயர்த்த அக்கில்லாவும் தெயோதோத்தியோனும் இந்த இடத்தில் பாரக்ளேத்தோஸ் என்றே போட்டார்கள், ஆக ஆறுதல் என்ற பொருளும் அந்தச் சொல்லுக்கு அந்நியம் இல்லை. இந்த நண்பர்கள் வந்தபோது சரியாகத்தான் தொடங்கினார்கள். ஏழு நாள் இரவும் பகலும் ஒரு வார்த்தையும் பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள் (2:13). வாயைத் திறந்தபிறகுதான் கெட்டது. நீ ஏதாவது செய்திருப்பாய், யோசித்துப் பார் என்று ஆரம்பித்தார்கள், பக்கத்தில் உட்கார்ந்தபடியே எதிர்த்தரப்புக்குப் போய்விட்டார்கள். அதே 16-ஆம் அதிகாரத்தில் பதினேழு வசனம் தள்ளி, புழுதியில் உட்கார்ந்திருக்கிற அந்த மனிதர் தலையைத் தூக்கி, எனக்குச் சாட்சி சொல்கிறவர் உன்னதத்தில் இருக்கிறார் என்கிறார். அவர் யார் என்று யோபு பெயர் சொல்லவில்லை.